மூணு சாக்கு இலையில் ஒரு கிலோ எங்கே போனது?

கோத்தகிரிக்குக் கீழே ஒரு தனியார் தேயிலைத் தொழிற்சாலை. சொந்தத் தோட்டம் கிடையாது. சுற்றுவட்டார ஹட்டிகளிலும் (படுகர் ஊர்கள்) காலனிகளிலும் உள்ள சிறு விவசாயிகளிடம் பசுந்தேயிலை வாங்கித் தூளாக்கி விற்கிறது. நீலகிரியில் இந்த மாதிரி ஆலைகள் நிறைய. இந்த ஆலைக்கு இலை எடை பதியும் செயலி ஒன்றை நான் இருக்கும் குழு செய்துகொடுத்தது. காகிதச் சீட்டு போய்க் கைபேசி வந்தது. பல வருடம் நிரல் எழுதிய பிறகு நான் டெஸ்டராக, அதாவது செயலியைச் சோதிப்பவராக, உட்கார்ந்த முதல் வேலை அது. ஆலையின் பெயரும் குழுவின் பெயரும் இங்கே தேவையில்லை. அங்கே கிடைத்த பிழைகளையும், அவை எப்படிக் கிடைத்தன என்பதையும் எழுதுகிறேன். நிரல் எழுதும் வேலையிலிருந்து சோதனைக்கு மாற நினைப்பவர்களுக்குப் பிழைகளைவிட அவை கிடைத்த விதம்தான் உதவும் என்று நினைக்கிறேன்.

முதலில் இலையும் பணமும் போகும் வழி. காலையில் பறித்த இலை மதியத்துக்கு மேல் சாக்குகளில் சாலையோரக் கொட்டகைக்கு வரும். ஆலையின் ஆள் ஒருவர் தராசில் நிறுத்து, விவசாயியின் பெயரில் பதிந்து, லாரியில் ஏற்றுவார். விலை அன்றைக்குத் தெரியாது. குன்னூர் ஏலத்தில் தூள் என்ன விலைக்குப் போகிறதோ அதை வைத்துப் பசுந்தேயிலையின் மாதச் சராசரி விலையை டீ போர்டு அறிவிக்கும். அதன் பிறகுதான் அந்த மாதம் முழுவதற்குமான கணக்கு முடியும். அதுவரை விவசாயியின் கையில் இருக்கும் ஒரே ஆதாரம் எடை. நனைந்த இலை என்றால் தண்ணீருக்கு ஒரு சதவீதம் கழிப்பார்கள். இந்தக் கழிவைப் பற்றி மலையில் யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் டீ ஆறிப்போகும் அளவுக்குப் பேசுவார்கள்.

ஒரு வாக்கியம், மூன்று விடைகள்

சோதனை ஓட்டத்தில் வந்த முதல் புகார் சின்னது. ஒரு விவசாயி மூன்று சாக்கு கொண்டுவந்தார்: 23.4, 18.7, 21.6 கிலோ. கழிவு 5 சதவீதம். செயலி 59 கிலோ என்று காட்டியது. அவர் விரல் விட்டு எண்ணி 60 என்றார். எடை போடுபவரும் பழைய முறையில் சீட்டின் பின்பக்கத்தில் கூட்டிப் பார்த்து 60 என்றார்.

டெவலப்பரைக் கேட்டால் நிரல் சரி என்றார். நிரலின் சிறு பகுதிகளைத் தனித்தனியே சோதிக்கும் யூனிட் டெஸ்ட் எல்லாம் பச்சை, அதாவது தேறிவிட்டன. அவர் பொய் சொல்லவில்லை. ஆலையிலிருந்து வந்த தேவை ஆவணத்தில் இதைப் பற்றி இருந்தது ஒரே வாக்கியம்: கழிவு போக நிகர எடை முழு கிலோவில் பதிய வேண்டும். அவர் ஒவ்வொரு சாக்கிலும் 5 சதவீதம் கழித்து, மிச்சத்தின் பின்னத்தை வெட்டி, பிறகு கூட்டினார். 22.23 என்பது 22 ஆனது, 17.765 என்பது 17 ஆனது, 20.52 என்பது 20 ஆனது. மொத்தம் 59. விவசாயியும் எடை போடுபவரும் முதலில் கூட்டினார்கள், 63.7. கழிவு போக 60.515. பின்னத்தை விட்டால் 60. இதே வாக்கியத்தை வைத்துக்கொண்டு, பின்னத்தை வெட்டாமல் அருகிலுள்ள முழு எண்ணுக்குக் கொண்டுபோனால் சாக்கு வாரியாகவும் 61, மொத்தமாகவும் 61.

இதில் யார் கணக்கு சரி என்று நிரலுக்குள் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. எழுதியவர் அந்த வாக்கியத்தை எப்படிப் புரிந்துகொண்டாரோ அதுதான் நிரலில் இருக்கும். நிரல் எழுதும் வேலையில் இருக்கும்போது, ஒரு தேவையை வாசித்தவுடன் மனசு ஒரு வழியைப் பிடித்துக்கொள்ளும். பிடிக்கத்தான் வேண்டும், இல்லாவிட்டால் ஒரு வரிகூட எழுத முடியாது. சோதனையில் அதே வாக்கியத்தை எடுத்து, இதை இன்னும் எத்தனை விதமாக வாசிக்கலாம் என்று பார்க்க வேண்டும். இரண்டு வேலைக்கும் உள்ள தூரம் இதுதான் என்பேன். தானியங்கிக் கருவிகள், டெஸ்ட் கேஸ் எழுதும் வடிவங்கள் எல்லாம் வேலைக்குப் போன பிறகு ஒரு மழைக்காலத்துக்குள் கற்றுக்கொள்ளலாம்.

டெவலப்பரின் யூனிட் டெஸ்டைத் திறந்து பார்த்தால் இன்னொன்று புலப்பட்டது. உள்ளீடுகள் 20 கிலோவும் 100 கிலோவும். கழிவு 5 சதவீதம். எதிர்பார்ப்பு 19, 95. எல்லாவற்றிலும் ஒரே ஒரு சாக்கு. இந்த எண்களைப் போட்டால் மேலே சொன்ன அத்தனை வாசிப்புகளும் ஒரே விடையைத்தான் தரும். சாக்கு வாரியா மொத்தமா, வெட்டுவதா அருகில் கொண்டுபோவதா, எதற்கும் வித்தியாசம் தெரியாது. எந்தத் தவறான நிரலும் தேறிவிடும் பரீட்சை அது. சோதனைக்கு எண் தேர்ந்தெடுக்கும்போது நான் இப்போது கேட்டுக்கொள்ளும் கேள்வி: எந்த எடையைக் கொடுத்தால் இந்த வாசிப்புகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகும்? கையில் மூன்று வாசிப்பு இருந்தால் மூன்றையும் பிரித்துக் காட்டும் உள்ளீடு ஒன்றாவது இருக்க வேண்டும். எல்லை மதிப்புகளைச் சோதிப்பது என்று பாடங்களில் சொல்லித்தருவதும் இதன் ஒரு வகைதான். 'அதிகம்' என்பதை 'அதிகம் அல்லது சமம்' என்று வாசித்தவரையும் அப்படி வாசிக்காதவரையும் எல்லையில் உள்ள எண் மட்டுமே பிரிக்கும்.

ஒரு கிலோவுக்கு இவ்வளவு பேச்சா என்று குழுவிலேயே கேட்டார்கள். கணக்குப் போட்டுக் காட்டினேன். பின்னத்தை வெட்டினால் சாக்கு ஒன்றுக்குச் சராசரியாக அரைக் கிலோ போகும். நாளைக்கு 400 சாக்கு வரும் ஆலை என்று வைத்துக்கொண்டால் 200 கிலோ பசுந்தேயிலை எந்த விவசாயியின் கணக்கிலும் ஏறாது, ஆனால் ஆலைக்குள் போய்விடும். நாலு கிலோவுக்குச் சற்று மேல் பச்சை இலை ஒரு கிலோ தூளாகும். ஆகவே தினமும் 45 கிலோவை ஒட்டிய தூள் யாருக்கும் காசு கொடுக்காமல் கிடைக்கும். யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. பின்னத்தை வெட்டும் அந்த ஒரு வரி கூட்டலுக்கு முன்னால் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

வெட்டுவதால் வரும் இந்த வினை புதிதல்ல. கனடாவின் வான்கூவர் பங்குச் சந்தை 1982 ஜனவரியில் 1000 புள்ளியில் ஒரு குறியீட்டைத் தொடங்கியது. ஒவ்வொரு முறை கணக்கிடும்போதும் மூன்றாம் தசம இடத்துக்குப் பின்னால் உள்ளதை வெட்டிவிட்டார்கள். ஒவ்வொரு வெட்டிலும் போனது ஒரு புள்ளியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. நாளுக்கு ஆயிரக்கணக்கான முறை கணக்கிட்டதால், சந்தை நன்றாக இருந்தும், 1983 நவம்பரில் குறியீடு 525-ஐ ஒட்டி நின்றது. திருத்திக் கணக்கிட்டபோது 1098-க்கு மேல் வந்தது.

இதோடு ஒட்டிய இன்னொரு பொறியும் செயலியில் இருந்தது. 0.1 உடன் 0.7-ஐக் கூட்டி, 10 ஆல் பெருக்கி, பின்னத்தை வெட்டச் சொல்லுங்கள். பல நிரல் மொழிகள் 8 தராது, 7 தரும். 0.1 போன்ற தசமங்களை இரும எண்ணில் முழுமையாக எழுத முடியாததால், பெருக்கிய முடிவு எட்டுக்கு ஒரு மயிரிழை கீழே நிற்கும். வெட்டினால் ஒரு முழு எண்ணே போய்விடும். நிரல் எழுதியவர்கள் எல்லோருக்கும் இது தெரியும், கேட்டால் சிரிப்பார்கள். ஆனாலும் எடையைத் தசம எண்ணாகவே சேமித்திருந்தார்கள். தெரிவது வேறு, வேலை நெருக்கடியில் நினைவுக்கு வருவது வேறு. எடையை முழுக்க முழுக்கக் கிராமில், முழு எண்ணாக வைப்பது என்று மாற்றிய பிறகு இந்தத் தொல்லை விட்டது.

பிழையே சரியாக இருந்த கதை

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த சம்பவம். இலை அதிகமாக வரும் மாதங்களில் லாரிகள் ஆலைக்கு வந்து சேர நள்ளிரவு தாண்டிவிடும். ஆலை வாசலில் இன்னொரு எடை உண்டு. மாத முதல் தேதி அதிகாலை 12.40-க்குப் பதிந்த எடை, அறிக்கையில் முந்தைய மாதக் கடைசி தேதியில் இருந்தது. நிரல் எழுதிய கைக்கு இது பார்த்தவுடன் தெரியும். செர்வர் நேரத்தை யூடிசியில், அதாவது உலகப் பொது நேரத்தில், வைத்திருக்கிறது, இந்திய நேரத்துக்கு மாற்றாமலேயே தேதியை எடுத்துவிட்டார்கள். நமக்கும் யூடிசிக்கும் ஐந்தரை மணி நேர வித்தியாசம். நள்ளிரவிலிருந்து காலை 5.30 வரை பதிவாகும் எல்லாமே முந்தைய நாளில் விழும். மாதத்துக்கு மாதம் விலை மாறுவதால் இது வெறும் தேதிப் பிரச்சினை அல்ல, பணப் பிரச்சினை. அவசரம் என்று குறித்துப் பிழை அறிக்கை எழுதி அனுப்பியாயிற்று. டெவலப்பரும் மறுபேச்சு இல்லாமல் ஒப்புக்கொண்டார்.

திருத்துவதற்கு முன் ஆலையின் கணக்கு அறையில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம் என்று போனேன். அங்கே கணக்கு பார்க்கும் அக்கா திரையைப் பார்த்தார்.

"இதுல என்ன தப்பு தம்பி? சரியாத்தானே இருக்கு."

"ஒண்ணாம் தேதி வந்த இலை அக்கா, முப்பத்தொண்ணாம் தேதியில நிக்குது."

"லாரி வந்ததுதான் ஒண்ணாம் தேதி. இலை பறிச்சது எப்போ? முப்பத்தொண்ணு பகல்ல. அந்த மாச வெலதான அவங்களுக்குக் குடுக்கணும்? நோட்டுல எழுதுன காலத்துலயும் நாங்க அப்படித்தான் எழுதுவோம்."

யூடிசியை மாற்ற மறந்தது பிழை. ஆனால் அந்தப் பிழை தந்த விடை, அங்கே காலங்காலமாக இருந்த வழக்கத்தோடு தற்செயலாகப் பொருந்திப்போனது. டெவலப்பரும் டெஸ்டரும் ஒத்த மனதாகத் 'திருத்தி'யிருந்தால், அன்றுவரை சரியாக இருந்த கணக்கு கெட்டிருக்கும்.

சோதனையில் எது சரியான விடை என்று சொல்லும் ஆதாரத்தை டெஸ்ட் ஆரக்கிள் என்பார்கள். எலேன் வெயூக்கர் என்ற கணினி அறிவியலாளர் 1982-இல், சரியான விடை எது என்று தீர்மானிக்க நடைமுறையில் வழியே இல்லாத நிரல்களைப் பற்றி எழுதினார். அதைப் படிப்பவர்களுக்கு வானிலைக் கணிப்பு மாதிரிப் பெரிய விஷயங்கள்தான் நினைவுக்கு வரும். ஒரு இலைக் கொட்டகையின் தேதிக் கணக்குக்கே ஆரக்கிள் கணக்கு அறையில் ஒரு அக்காவிடம் இருக்கிறது என்பதை எந்தப் பயிற்சி வகுப்பிலும் சொல்லித்தர மாட்டார்கள். நிரலிலிருந்து வருபவருக்கு இது உறுத்தும். அவருக்குச் சரி என்றால் நிரல் மொழியின் விதி, தரவுத்தள விதி, நேர மண்டல விதி. அந்த விதிகளின்படி தப்பான ஒன்று, வேலை நடக்கும் இடத்தில் சரியாக இருக்கலாம். மறுபக்கமும் உண்டு: விதிகளின்படி சரியான 59 கிலோ, கொட்டகையில் தப்பு.

தற்செயலாகச் சரியாக இருப்பதை அப்படியே விடவும் முடியாது. காலை 5.45-க்கு ஒரு லாரி வந்தால் அதே வழக்கம் உடையும். ஆகவே பதிந்த நேரம், இலைக்குரிய நாள் என்று இரண்டு தனிப் புலங்கள் வைத்தார்கள். காலை 6 மணிக்கு முன் ஆலை வாசலில் பதிவது முந்தைய நாளின் இலை என்று ஆலையே எழுதிக்கொடுத்தது. 5.59, 6.00, 6.01 என்று மூன்று பதிவுகள் போட்டுப் பார்த்து முடித்தேன்.

ஒரே ஆள், இரண்டு கணக்கு

மாதக் கணக்கில் சிலருக்கு இலை குறைந்தது. இரண்டு இடத்தில் பிரிந்து கிடந்தது. உதாரணமாக போஜன் என்ற பெயர். மலையில் ஒரே ஹட்டியில் அந்தப் பெயரில் நாலைந்து பேர் இருப்பது சாதாரணம், அதனால் முதலில் எல்லோரும் பெயர்க் குழப்பம் என்றுதான் நினைத்தார்கள். உண்மையில் ஒரே ஆளுக்கு இரண்டு கணக்கு உருவாகியிருந்தது.

காரணம் தமிழ் யூனிகோடில் இருக்கிறது. 'போ' என்ற எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். 'ப'வுக்குப் பின் ஓகாரக் குறியை ஒரே குறியாக வைக்கலாம். அல்லது இரட்டைக் கொம்பை ஒரு குறியாகவும் துணைக்காலை இன்னொரு குறியாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும், பூதக்கண்ணாடி வைத்தாலும் வித்தியாசம் காண முடியாது. இரண்டும் சமம் என்று யூனிகோடு தரமே சொல்கிறது. ஆனால் நிரலில் இரண்டு சரங்களை நேராக ஒப்பிட்டால் வேறு வேறு என்றுதான் வரும். கொ, கோ, கௌ வரிசை முழுக்க இந்தச் சிக்கல் உண்டு. ஆலையின் பழைய பட்டியல் வேறு எழுத்துருவிலிருந்து மாற்றப்பட்டது, அதில் பிரிந்த வடிவம். கைபேசி விசைப்பலகை தருவது சேர்ந்த வடிவம். ஒப்பிடுவதற்கு முன் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர என்எஃப்சி என்ற வழி இருக்கிறது. பெரும்பாலான நிரல் மொழிகளில் அது ஒரே வரி.

இந்தப் பிழை மேசையில் கிடைத்திருக்காது. மேசையில் தட்டிய பெயரை மேசையிலேயே தேடினால் எப்போதும் கிடைக்கும். கொட்டகையில் எடை போடும் அண்ணாவின் பக்கத்தில் ஒரு மதியம் நின்றபோது கிடைத்தது. அவர் பெயரைத் தட்டினார், ஒன்றும் வரவில்லை, பின்னால் சாக்கோடு வரிசை நின்றது, சட்டென்று 'புதிய விவசாயி' பொத்தானை அழுத்திவிட்டார். அவர் செய்தது சரி. அவர் வேலை இலையை வாங்குவது, நம் தேடலைத் திருத்துவது அல்ல.

பிழை அறிக்கை எழுதுவதைப் பற்றி இந்த இடத்தில்தான் சொல்ல வேண்டும். நிரல் எழுதத் தெரிந்த டெஸ்டருக்குக் காரணம் சீக்கிரம் தெரிந்துவிடும். தெரிந்ததை எழுதவும் கை துடிக்கும். 'தேடல் பகுதியில் என்எஃப்சி விட்டுப்போயிருக்கிறது' என்று அறிக்கை போனால் என்ன நடக்கும்? தேடல் பகுதியில் அந்த ஒரு வரி சேரும், பிழை மூடப்படும். 'பழைய பட்டியலில் உள்ள போஜன் என்ற பெயரைக் கைபேசியில் தட்டித் தேடினால் கிடைக்கவில்லை, புதிய கணக்கு திறக்கவும் செயலி தடை சொல்லவில்லை, மாதக் கணக்கு இரண்டாகப் பிரிந்தது' என்றுதான் அனுப்பினேன். டெவலப்பர் தன் வழியில் தேடிப் போனார். தேடலில் மட்டுமல்ல, பட்டியல் இறக்குமதியிலும், ஒரே பெயர் இருக்கிறதா என்று பார்க்கும் இடத்திலும் அதே ஓட்டை இருந்ததைக் கண்டுபிடித்தார். அந்த நிரலை அவர் அளவுக்கு நான் அறிய மாட்டேன். காரணத்தைச் சொல்லியிருந்தால் அவர் கண்ணை ஒரே இடத்தில் கட்டிப்போட்டிருப்பேன். காரணம் தெரிந்தால் கடைசியில் தனி வரியில் 'இதுவாக இருக்கலாம்' என்று போடலாம், தலைப்பில் போடக் கூடாது.

நானே திருத்திவிடலாமே என்ற ஆசை அதைவிடப் பெரியது. நிரல் களஞ்சியத்துக்கு அனுமதி இருக்கிறது, ஒரு வரி வேலை, டெவலப்பரோ சளிக்காய்ச்சலில் படுத்திருக்கிறார். ஆனால் கை வைத்த அடுத்த நிமிடம் அந்த இடம் என்னுடையதாகிவிடும், நான் அதை நம்பத் தொடங்குவேன். எழுதியவர் தன் நிரலைத் தானே சோதிப்பதைத் தவிர்க்க வேண்டும் என்று கிளென்ஃபோர்ட் மையர்ஸ் 1979-லேயே எழுதினார். பிழை கண்டுபிடிக்கும் நோக்கத்தோடு ஓட்டுவதுதான் சோதனை என்பதும் அவர் சொன்னதே. வேலை செய்கிறது என்று காட்டும் ஆசையோடு ஓட்டினால் கண்ணும் அதற்கேற்ற உள்ளீட்டைத்தான் பொறுக்கும். 20 கிலோ, 100 கிலோ மாதிரி.

பாதி சிக்னல்

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் பக்கம் வளைவுக்கு ஒரு சிக்னல். அதனால் செயலி இணைப்பில்லாமலும் வேலை செய்ய வேண்டும் என்பது முதலிலிருந்தே தெரிந்த விஷயம். டெவலப்பர் விமானப் பயன்முறையில் போட்டுச் சோதித்திருந்தார். பதிவுகள் கைபேசியில் தங்கின, இணைப்பு வந்ததும் போய்ச் சேர்ந்தன. எல்லாம் நலம்.

விமானப் பயன்முறை இணைப்பைச் சுத்தமாக வெட்டிவிடும். மலையில் இணைப்பு அப்படிப் போவதில்லை, அரைகுறையாகப் போகும். பதிவு செர்வருக்குப் போய்ச் சேர்ந்துவிடும், 'கிடைத்தது' என்ற பதில் திரும்பி வருவதற்குள் லாரி அடுத்த வளைவுக்குள் போய்விடும். கைபேசி பாவம், போகவில்லை என்று நினைத்து மறுபடி அனுப்பும். 47.2 கிலோ ஒரே விவசாயிக்கு இரண்டு முறை ஏறும். இதை மேசையில் வரவழைக்க, கைபேசிக்கும் செர்வருக்கும் நடுவில் நின்று செய்திகளைக் கடத்தும் ஒரு ப்ராக்ஸி வைத்து, போகும் கோரிக்கையை விட்டு, வரும் பதிலை மட்டும் தின்னச் செய்யும் சின்ன நிரல் ஒன்று எழுதினேன். நிரல் எழுதிய பழக்கம் சோதனைக்கு உதவுவது இந்த மாதிரி இடங்களில்தான். ஆயிரம் போலிப் பதிவுகளை உருவாக்கவும், செர்வர் குறிப்புகளைப் படிக்கவும், தரவுத்தளத்தில் நேரே போய்ப் பார்க்கவும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. அதைவிடப் பெரிய உதவி ஒன்று உண்டு. இந்தப் பகுதியை நான் எழுதியிருந்தால் எங்கே சோம்பல் பட்டிருப்பேன் என்று யோசித்தால் பாதிப் பிழைகளின் முகவரி கிடைத்துவிடும். பதில் வராவிட்டால் என்ன செய்வது என்பது எல்லோரும் 'அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்று விடும் இடம்.

திருத்தமாக முதலில் வந்த யோசனை: ஒரே விவசாயி, ஒரே எடை, ஐந்து நிமிடத்துக்குள் என்றால் இரண்டாவதைத் தள்ளிவிடலாம். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் ஒரே அளவு சாக்கை ஒரே அளவுக்கு நிரப்பிக் கட்டுபவர்கள் உண்டு. அடுத்தடுத்த இரண்டு சாக்கு 24.5, 24.5 என்று வருவது அபூர்வமல்ல. இரட்டை எண்ணிக்கையை நிறுத்தப் போய் ஒரு சாக்கையே விழுங்கியிருக்கும். கடைசியில் ஒவ்வொரு எடைக்கும் கைபேசியிலேயே ஒரு தனி அடையாள எண் போட்டு, அதே எண் மறுபடி வந்தால் மட்டும் செர்வர் தள்ளுவது என்று ஆனது.

குறுஞ்செய்தியைச் சுருக்கமாக முடிக்கிறேன். எடை பதிந்ததும் விவசாயிக்குத் தமிழில் ஒரு செய்தி போகும். ஆங்கில எழுத்தில் ஒரு செய்திக்கு 160 இடம், தமிழில் 70 இடம்தான். தாண்டினால் துண்டாகும், துண்டுக்கு 67. இடம் என்பது நாம் எண்ணும் எழுத்தும் அல்ல, 'போ' என்பதே குறைந்தது இரண்டு இடம். ஆலையின் பெயர், வணக்கம், தேதி, நன்றி எல்லாம் போட்டு எழுதிய செய்தி மூன்று துண்டானது, மூன்று மடங்கு காசு. வணக்கத்தையும் நன்றியையும் எடுத்துவிட்டார்கள். எனக்கு அதில் வருத்தம்தான், ஆனால் எடை ஒரே துண்டில் முழுசாகத் தெரிகிறது.

திறந்தே இருக்கும் ஒன்று

59-ஆ 60-ஆ என்ற கேள்வியை ஆலை முதலாளியிடமே கொண்டுபோனோம். நான்கு வாசிப்புகளையும் ஒரே தாளில், அதே மூன்று சாக்கை வைத்து எழுதிக் காட்டினோம். அவர் அதிகம் யோசிக்கவில்லை. தராசு 100 கிராம் துல்லியத்தில் காட்டுகிறது, அப்படியே பதியுங்கள், வெட்டவே வேண்டாம், மாதக் கடைசியில் மொத்தத்தில் மட்டும் பார்த்துக்கொள்ளலாம் என்றார். சீட்டில் மொத்த எடை, கழிவு, நிகர எடை என்று மூன்று வரி வந்தது. கொட்டகையில் சண்டை குறைந்தது என்று எடை போடும் அண்ணா சொன்னார். ஒழிந்தது என்று சொல்லவில்லை.

ஏனென்றால் செயலியில் கழிவு சதவீதத்தைத் தட்டும் பெட்டி இருக்கிறது. எடை போடுபவர் சாக்கைத் திறந்து, இலையைக் கையில் பிடித்துப் பார்த்து, எத்தனை சதவீதம் என்று அதில் தட்டுவார். டெஸ்டராக எனக்கு வேண்டியது அதன் எல்லை. பூஜ்யம் போடலாமா? போடலாம். 5? வழக்கம். 15? 40? இப்போது 100 என்று தட்டினாலும் செயலி வாங்கிக்கொள்கிறது, நிகர எடை பூஜ்யம் என்று சீட்டும் அடிக்கிறது. அதிகபட்சம் எவ்வளவு என்று தேவை ஆவணத்தில் இல்லை. டெவலப்பர் என்னைக் கேட்கச் சொன்னார். எடை போடுபவர், "அது மழையைப் பொறுத்தது தம்பி, ஆபீஸ்ல கேளுங்க" என்றார். கணக்கு அறை முதலாளியைக் கேட்கச் சொன்னது. முதலாளி, "அதையெல்லாம் எழுத்துல போட வேண்டாங்க, பார்த்துப் போட்டுக்குவாங்க" என்றார்.

விவசாயிகளில் ஒருவரைக் கேட்டேன். யோசிக்காமல் ஒரு எண் சொன்னார். அதற்கு மேல் கழித்தால் அடுத்த முறை வேறு ஆலைக்குப் போய்விடுவாராம். அந்த எண்ணைத் தேவை ஆவணத்தில் சேர்க்க எனக்கு அதிகாரம் இல்லை. பிழைப் பட்டியலில் 'எல்லை வரையறுக்கப்படவில்லை' என்ற தலைப்பில், யார் யாரைக் கேட்டேன், யார் என்ன சொன்னார்கள் என்பதோடு அது இன்னும் திறந்தே இருக்கிறது. ஒவ்வொரு ரிலீஸுக்கு முன்னும் அதை மூடச் சொல்லிக் கேட்கிறார்கள். பதில் வராமல் மூட மாட்டேன் என்று சொல்லிவருகிறேன்.